பால்மரமும் உலர் உடையும்

சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் நிலமே இன்றைய கெடா மாநிலம் என்பர் வரலாற்றறிஞர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்து மீண்ட இந்நிலத்திற்கு, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழர் மீண்டும் திரளாக வந்தனர். இம்முறை அவர்தம் கையில் இருந்தது வாளன்று, பால்வெட்டும் கத்தி. அவர்கள் இறக்கிய பால் என்னவாயிற்று என்று மாணாக்கரைக் கேட்டால், உந்துவண்டிச் சக்கரமாயிற்று என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையன்று. குளிர்நீரில் மூழ்குவோரின் உயிர்காக்கும் உலர் உடையும் இரப்பர் வரலாற்றின் ஒரு கிளையே.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் முன்னோர்க்கு உடைபற்றிய கவலை இருந்ததில்லை. கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி திரட்டி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலெழுந்தனர். வெப்பக் கடல் அவர்களுக்கு இடங்கொடுத்தது. கெடாவைச் சேர்ந்த பூலாவ் பாயார் தீவுகளைச் சூழ்ந்த கடலும் அத்தகையதே. ஆனால் ஸ்காட்லாந்தின் ஏரிகளும் நார்வேயின் கடற்கால்களும் அவ்வாறல்ல. நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்து செல்லும். ஆகவே, உடலை நீர் தொடாதவாறு காப்பது அங்கே வாழ்வா சாவா என்னும் வினாவாகும்.

அவ்வினாவுக்கு விடை தேடியோர் பலர். 1823இல் கிளாஸ்கோ நகரின் சார்லசு மெக்கின்டாசு, இரப்பரைக் கரைத்து இரு துணிகளுக்கிடையே பூசி நீர்புகாத் துணி செய்தார். இலண்டனில் வாழ்ந்த செருமானியப் பொறியாளர் அகசுடசு சீபே, 1830களில் செம்புத் தலைக்கவசத்தோடு உடல் முழுவதையும் மூடும் முக்குளிப்பு உடையை அமைத்தார். அவ்வகை உடைக்குரிய துணியும் இரப்பரை இடையில் வைத்த இரட்டைத் துணியே. மணிக்கட்டில் நீர் புகாதவாறு தடுத்ததும் இரப்பர்ப் பட்டையே. எனினும் பழைய இரப்பர் வெயிலில் ஒட்டியது, குளிரில் விறைத்தது. கந்தகம் கலந்து சூடேற்றினால் இக்குறை நீங்கும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்லசு குட்இயர் கண்டார். 1840களில் இங்கிலாந்தின் தாமசு ஆன்காக்கும் அம்முறைக்கு உரிமை பெற்றார்.

அந்நாள் வரை இரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. 1876இல் என்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொணர்ந்தார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் அங்குத் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால்வெட்டும் முறையை நிலைநாட்டினார். 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரித்தானியர் கைக்குக் கெடா மாறியது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்கள் அங்குக் கொணரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்யும் வரை இவ்வரவு நீடித்தது.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருளில் நிரைக்குச் சென்று, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குப் பட்டையைச் சீவ வேண்டும். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடினால் பால் சுரக்காது. மங்கில் சேர்ந்த பாலை அமிலமிட்டு உறையச் செய்தால் தகடாகும். உறையாதவாறு அம்மோனியா சேர்த்துச் செறிவூட்டினால், அச்சுகளை அதில் தோய்த்துக் கையுறை முதலிய மெல்லிய பொருள்களை ஆக்கலாம். மழை வந்தால் வெட்டில்லை. வெட்டில்லையேல் கூலியும் குறையும். பிறரை நனையாமல் காக்கும் பொருளைத் தந்தவர்க்கு மழையே பகையாயிற்று.

இன்றைய உலர் உடையில் செயற்கைப் பொருள்கள் பெரும்பங்கு பெற்றுள்ளன. 1930இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் நியோப்ரீன் பிறந்தது. நியோப்ரீன் நுரையும் நீர்புகாப் பல்லிணைப்பும் கொண்ட சுவீடனின் பொசைடன் நிறுவன யூனிசூட் 1970களில் பரவலாயிற்று. ஆயினும் கழுத்திலும் மணிக்கட்டிலும் உடலை இறுகத் தழுவும் பட்டைகள் பல உடைகளில் இன்றும் மரப்பாலால் ஆனவையே.

குளிர்நாடுகளுக்குக் கல்வி நாடிச் செல்லும் நம் இளைஞருள் முக்குளிப்பு பயில்வோர், சிறு பொருள் கொண்டு முதல் உடை வாங்கும்போது இவ்வரலாறு வழிகாட்டும். சீபே காலம் முதல் இடர்ப்பாடு துணியில் இருந்ததைவிட இணைப்பிலேயே மிகுதி. எனவே முதலில் நோக்கத்தக்கவை கழுத்துப் பட்டை, மணிக்கட்டுப் பட்டை, பல்லிணைப்பு ஆகியவை. வெயிலும் எண்ணெயும் மரப்பாலைச் சிதைக்கும். நீட்டிப் பார்க்கையில் வெடிப்போ பிசுபிசுப்போ தோன்றினால் பட்டையை மாற்ற வேண்டும். பழைய உடையாயின் துளைகளை அடைத்துக் காற்றூதிச் சவர்க்கார நீர் தடவினால், மிதிவண்டிக் குழாயிற் போலவே ஓட்டை குமிழியிட்டுக் காட்டிவிடும். பல்லிணைப்பை மாற்றுதல் செலவு மிக்கது. அது பழுதாயின் மலிவு மலிவாகாது.

நியோப்ரீன் உடை தானே ஓரளவு சூடு தரும். ஆயினும் ஆழம் மிகுந்தால் நுரை நசுங்கி, சூடும் மிதப்பும் குறையும். பியூட்டைல் இரப்பரை நடுவில் வைத்த மூவடுக்குத் துணி இலேசானது, விரைவில் உலரும், ஆனால் உள்ளாடையின்றிச் சூடு தராது. ஆதலின் உள்ளாடை, பழுதுபார்ப்பு, பயிற்சி ஆகியவற்றின் செலவையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். பயிற்சி தவிர்க்க முடியாதது. உடையினுள் செலுத்திய காற்று கால்பக்கம் ஏறிவிட்டால், அறியாதவரைத் தலைகீழாக மேலே இழுத்துச் சென்று தீங்கு விளைக்கும். உடை உடலுக்குப் பொருந்துதலும் விலையினும் முதன்மையானது.

மெக்கின்டாசு, குட்இயர், சீபே ஆகியோர் பெயர்கள் நூல்களில் நிலைபெற்றுள்ளன. கெடாவின் நிரைகளில் நின்றோர் பெயர்களோ தோட்டத்துப் பெரட்டு ஏடுகளோடு மறைந்தன. இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்ட இக்காலத்தில், அங்குப் பால்வெட்டிய முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். அவர்கள் வாய்மொழியைக் கேட்டெழுதி வைப்பது தமிழாசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உரிய கடமையாகும்.