தசைக் குருதிக்குறை

உழைக்கும் தசைக்கு வேண்டிய அளவு இரத்தம் போய்ச் சேராத நிலையே தசைக் குருதிக்குறை. அது தசையில் வலியை எழுப்பும். உடல் முழுவதிலும் இரத்த அழுத்தத்தை ஏற்றும். வலியும் அழுத்த உயர்வும் தசைக்குள் இருக்கும் மெல்லிய நரம்பு இழைகளிலிருந்தே கிளம்புகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையைப் போல ஏற்ற இறக்கமே வழியாக உள்ள ஊர்களில் இந்தக் குறை சமவெளியைவிடச் சீக்கிரம் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

வலியின் மூலத்தை முதலில் தெளிவாகச் சோதித்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் (1931). மேற்கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி ஓட்டத்தை நிறுத்தினார். சும்மா இருந்த கை சில நிமிடம் பெரிதாக வலிக்கவில்லை. அதே கை நொடிக்கு ஒருமுறை இறுகப் பிடித்து விட்டபோது, ஒரு நிமிடத்தை ஒட்டி வலி தாங்க முடியாததாயிற்று. வேலையை நிறுத்தியும் பட்டை இறுகியிருந்தவரை வலி குறையவில்லை. பட்டையைத் தளர்த்தியதும் சில நொடிகளில் மறைந்தது. உழைத்த தசையில் ஏதோ ஒரு பொருள் தேங்குகிறது, ஓடிவரும் இரத்தம் அதைக் கழுவிவிடுகிறது என்று லூயிஸ் முடிவு செய்தார். அது ஒரே பொருள் அல்ல என்பது இன்று தெரியும். அமில அயனிகள், லாக்டேட், ஏடிபி, பிராடிகினின் முதலியவை சேர்ந்தே நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. தசையின் இந்த மெல்லிய நரம்பிழைகளில் ஒரு வகையை 1960-இல் விரிவாக ஆராய்ந்தவர் இந்திய உடலியங்கியல் அறிஞர் ஆட்டர் சிங் பெயின்டல்.

பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுகக் கட்டுவது கிராமங்களில் இன்னும் நடக்கிறது. தமனி அடைபடும் அளவுக்குக் கட்டி மலைப்பாதையில் நடக்க வைத்தால், லூயிஸின் சோதனை அந்தக் காலிலேயே நடக்கிறது. நஞ்சின் வலியோடு குருதிக்குறையின் வலியும் சேரும். மணிக்கணக்கில் நீண்டால் தசை அழியும். கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்கவும் விடக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், ஆளைத் தூக்கிச் செல்ல வேண்டும்.

அழுத்த உயர்வை ஆலம், ஸ்மிர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1937-இல் விளக்கினார்கள். உழைத்த தசையின் இரத்தத்தைப் பட்டையால் தடுத்தால், உழைப்பு நின்ற பிறகும் அழுத்தம் இறங்குவதில்லை. பட்டையைத் தளர்த்திய பிறகே இறங்குகிறது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு: இதயத் துடிப்பு மட்டும் பெரும்பாலும் உடனே தணிந்துவிடும். உழைப்பு நின்றதும் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்குகிறது. பரிவு நரம்புகளோ இரத்தக் குழாய்களை இறுக்கியபடியே இருக்கின்றன. பட்டினி கிடக்கும் தசைக்குள் இரத்தத்தை உந்தித் தள்ள உடல் செய்யும் முயற்சி இது.

குழாயில் அடைப்பு இருந்தால்தான் இப்படி நேரும் என்பதில்லை. அசையாமல் இறுக்கிய தசை தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்ளும். மரவள்ளி மூட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பவருக்கு வெறுங்கையோடு நடப்பவரைவிட அழுத்தம் அதிகமாக ஏறுவது இதனால்தான்.

கால் தமனி சுருங்கியவர்களுக்கு அழுத்தத்தை ஏற்றும் இந்த அனிச்சைச் செயல் மிகையாகிறது. சாதாரண நடையிலேயே அழுத்தம் கூடுதலாக ஏறி இதயத்தின் சுமையைப் பெருக்குகிறது. புகைப்பழக்கமும் நீரிழிவுமே இங்கு முதன்மைக் காரணங்கள். பீடி புகைக்கும் இளைஞர்களுக்குச் சிறு தமனிகள் அழன்று அடைபடும் பர்கர் நோயும் வரும். அறிகுறி எளிது: குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், சில நிமிடம் நின்றால் விட்டுவிடும், ஏற்றத்தில் இன்னும் முன்னதாகவே வரும். இதை வயதின் தலையில் கட்டிவிடுவது பெரும் தவறு. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து, விடை 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று மருத்துவர் அறிவார். நீரிழிவால் தமனிச் சுவர் கெட்டிப்பட்டவர்களிடம் இந்த எண் ஏமாற்றும். அவர்களின் நரம்பும் மரத்திருந்தால் வலியே தெரியாது, ஆறாத புண்தான் முதல் அடையாளமாக வரும்.

புகையை விடுவதும், வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியும் நல்ல பலன் தரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள், எவ்வளவு தூரத்தில் கால் வலிக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் குறைகிறதென்றால், காலை இழக்கும் ஆபத்து வந்துவிட்டது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.