கித்தானில் ஒரு கடல் – 7: எழுத்தாளர் தாண்டிப் போன வாசல்

ஆர்.எல்.ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவலில் சிறுவன் ஜிம் ஹாக்கின்ஸ் வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தைத் தேடிப் பாருங்கள். அம்மாவிடமும் பிறந்து வளர்ந்த கடற்கரையிடமும் விடைபெற்றான் என்பதோடு சரி. அடுத்த கணமே செத்துப்போன கிழட்டு மாலுமியிடம் போய்விடுகிறது அவன் நினைப்பு. கதைக்குக் கப்பலேறும் அவசரம்.

எழுத்தாளர் தாண்டிப் போன அந்த வாசலில் நின்றுவிட்டார் ஓர் ஓவியர். அவர் பெயர் என்.சி.வயத்.

1881-ல் ஸ்காட்லாந்தின் பிரேமார் கிராமத்தில், மனைவியின் மகன் லாயிடோடு பொழுது போக்க வரைந்த ஒரு தீவு வரைபடத்திலிருந்து முளைத்தது ஸ்டீவன்சனின் கதை. அதே ஆண்டு ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறுவர் வார இதழில், ‘கேப்டன் ஜார்ஜ் நார்த்’ என்ற புனைபெயரில் தொடராக வரத் தொடங்கியது. 1883-ல் புத்தகமானது.

1911-ல் நியூயார்க்கின் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகம் புதிய பதிப்புக்குப் படம் வரைய வயத்தை அழைத்தது. அப்போது அவருக்கு 28 வயது. சம்பளம் 2,500 டாலர். அந்தப் பணம் பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டில் 18 ஏக்கர் நிலமாகவும், வீடாகவும், ஓவியக்கூடமாகவும் மாறியது.

சில மாதங்களில் 17 எண்ணெய் வண்ண ஓவியங்கள். பெரும்பாலானவை ஏறக்குறைய 47 அங்குல உயரம், 38 அங்குல அகலம். அச்சில் ஒரு சாண் பக்கத்துக்குள் சுருங்கப் போகிற படத்துக்கு இத்தனை பெரிய கித்தான்! அப்படிச் சுருங்கியும் படம் எடுபட்டதற்குக் காரணம், வெயிலையும் நிழலையும் அவர் பெரிய பெரிய பாளங்களாக வைத்ததுதான்.

ஜிம் விடைபெறும் படத்தில் அவன் மூட்டையோடு நம்மை நோக்கி நடந்து வருகிறான். பின்னால், வீட்டருகே, ஏப்ரனில் முகத்தைப் புதைத்து அழுகிறாள் தாய். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நாம்தான் பார்க்கிறோம். நாவலில் அந்த அழுகை கிடையாது.

குருட்டுக் கொள்ளையன் பியூவின் படமும் இதே ரகம். சற்று முன்புவரை, ஜிம்மின் வீடான விடுதியையே நடுங்க வைத்தவன். இப்போது கூட்டாளிகள் கைவிட்டு ஓடிவிட்டார்கள். நிலா வெளிச்சத்தில் வெறிச்சோடிய பாதை. காற்றில் விரியும் மேலங்கி. தடியால் தட்டித் தடவி வருகிறான். கதையில் படபடவென நடந்து முடிகிற இடம் இது. படத்தில் பியூவைத் தவிர ஆளே இல்லை. அவனைக் கண்டு பயப்படுவதா, பரிதாபப்படுவதா என்று தெரியாமல் நிற்கிறோம்.

எழுத்தாளர் விரிவாகச் சொன்னதைத் திரும்ப வரைவதில் வயத்துக்கு ஆர்வமில்லை. அவர் சொல்லாமல் விட்டதில்தான் தனக்கு வேலை என்று நினைத்தார். அந்த வாசல் அவருக்கும் பழக்கமானது. 1902-ல், இருபது வயதில், மாசசூசெட்ஸின் நீதம் ஊரில் தாயை விட்டு வில்மிங்டனுக்குக் கிளம்பிய பிள்ளைதான் அவரும்.

சாட்ஸ் ஃபோர்டில், பழைய மாவு மில் ஒன்று 1971-ல் பிராண்டிவைன் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இந்த ஓவியங்களில் பல இன்று அங்கே இருக்கின்றன.

படத்தை வெளியே நின்று வரையாதே, உள்ளே போய் வாழ்ந்து பார் என்று வயத்துக்குக் கற்றுக்கொடுத்த குரு வில்மிங்டனில் இருந்தார். அவர் ஹோவர்ட் பைல். கடற்கொள்ளையர் என்றதும் இன்று நம் மனதில் எழும் தோற்றத்துக்கே பெரும் பங்கு அவருடையது. மாணவனின் புத்தகம் வந்த அதே 1911-ல் இத்தாலியில் அவர் கண்மூடினார். அவர் கதை அடுத்த வாரம்.

(பயணம் தொடரும்)