வாவிக்கரையும் வான்வழிக் காட்சியும்

மட்டக்களப்பு நாட்டை அதன் வாவி இரு கரைகளாகப் பகுக்கின்றது. கடலையடுத்த கிழக்குக் கரை எழுவான்கரை. வயல் விரிந்த மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழுதலும் படுதலும் கொண்டு தம் நிலத்துக்குப் பெயரிட்ட இம்மக்கள், தொலைக்காட்சி வந்தபின் தென்மேற்குத் திசையையும் சிறப்பாக நோக்கலாயினர். பீதுருதாலகாலை மலை அத்திசையிலேயே உள்ளது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13இல் கொழும்பையடுத்த சிறு பரப்புக்கென ஆரம்பமாயிற்று. நாடு முழுவதையும் நோக்கிய ரூபவாஹினி, ஜப்பானிய உதவியுடன் 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் தலைமைப் பரப்பி 2,524 மீற்றர் உயரமான அம்மலையில் அமைந்தமைக்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சி அலைகள் ஒளியைப்போல் ஏறக்குறைய நேராகச் செல்வன. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். அத்துணை உயரத்திலிருந்து புறப்படும் அலை, தடையில்லையேல் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் எட்டும். மட்டக்களப்பு நகரோ ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. ஆயினும் இடைப்பட்ட குன்றுகள் அலையை நலிவிக்குமாதலின், அன்ரனாவை உயர்த்தி, மலைநோக்கித் திருப்புதல் வேண்டும்.

கூரைமேல் நிற்கும் அவ்வன்ரனாவும் ஜப்பானியர் ஆக்கமே. 1926இல் யாகி, ஊடா என்னும் அறிஞர் இருவர் அதன் அமைப்பை வெளியிட்டனர். பின்னுள்ள கோல் அலையைத் திருப்ப, முன்னுள்ளவை அதனைக் குவிக்க, இடையிலுள்ளது ஏற்று வீட்டினுள் அனுப்பும். மாதச் சந்தா வேண்டுவதில்லை. வீடு ஒன்று மிகுதலால் நிலையத்துக்குச் செலவு மிகுவதுமில்லை.

இந்நன்மையின் அளவை இப்பிரதேசத்தின் இரு பேரிடர்கள் உணர்த்துகின்றன. 1978 நவம்பர் 23இல் பெரும் சூறாவளி இக்கரையைத் தாக்கிற்று. அன்று நாட்டில் தொலைக்காட்சியே இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து, ஒன்றரை மணிநேரத்துக்கும் மேலான பின்னரே ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அடைந்தது. அன்று அன்ரனாக்கள் இருந்தன, வான்வழியும் திறந்திருந்தது. எனினும், காலத்தில் எச்சரிக்கை வரவில்லை. இந்துமாகடலுக்கு எச்சரிக்கை அமைப்பு அப்போது இருக்கவில்லை. அது 2011இலேயே முழுமையாக இயங்கத் தொடங்கிற்று.

ஆதலின் இலவசம் என்பது கட்டணமின்மை மாத்திரமன்று. உரிய செய்தியை, உரிய வேளையில், கேட்போர் மொழியிற் சேர்ப்பதே அதன் பயனாகும். அன்ரனா நாட்டுதல் மக்கள் கடன். அதனை வெறுங்கோலாக விடாமை ஒளிபரப்புவோர் கடன்.