மலம்புழா மலையில் இரண்டு ராத்திரி

ஒருமுறை ஸ்கந்தகிரி ஏறி, விடியலுக்காகப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது. அப்போது நினைவுக்கு வந்தது அந்தக் கேரளத்துப் பையன்தான்.

2022 பிப்ரவரி 7. பாலக்காடு பக்கம் மலம்புழாவில், குரும்பாச்சி மலைக்கு நண்பர்களோடு போனவன் கால் வழுக்கி, செங்குத்துப் பாறையின் இடுக்கில் மாட்டிக்கொண்டான். வயது 23. காலில் காயம், கையில் செல்போன். சாப்பாடு, தண்ணீர் கிடையாது. பகலில் வெயில், ராத்திரி குளிர். கண் அசந்தால் கீழே பாதாளம்! கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் பாறையை நெருங்க முடியாமல் திரும்பியது. நம்ம கோயம்புத்தூர் பஸ் போல் நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா என்ன?

இரண்டாம் ராத்திரி ராணுவம் வந்தது. வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் (1758-லேயே தொடங்கிய படைங்க) ரோடு வழியாக. எங்க பெங்களூரிலிருந்து பாராசூட் வீரர்கள் சூலூர் வரை விமானத்தில், அப்புறம் ரோடு. இருட்டிலேயே மலையேறினார்கள்.

9-ஆம் தேதி காலை ஒரு வீரர் கயிற்றில் இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள, மேலே இருந்தவர்கள் இருவரையும் உச்சிக்கு இழுத்தார்கள். மொத்தம் சுமார் 45 மணி நேரம்.

மேலே வந்ததும் பையன் வீரர்களுக்கு முத்தம் கொடுத்தான். வீடியோ பார்த்திருப்பீர்கள்.