பொறியியலா, வணிகவியலா?

என்னிடம் தமிழ் கற்ற மாணவன் ஒருவன் இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவில் ஈராண்டுக் கல்லூரி ஒன்றிற் பயில்கிறான். அடுத்து நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறவேண்டும். "பொறியியலை எடுப்பதா, வணிகவியலை எடுப்பதா, சேர்?" என்று எழுதிக் கேட்டிருக்கிறான். இலக்கணம் படிப்பித்தவனிடம் கேட்கவேண்டிய வினாவன்று இது. எனினும் இவ்விரு துறைகளும் அந்நாட்டிற் கல்லூரிக்குள் வந்த வரலாறு அவனுக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது.

1862 இல், உள்நாட்டுப் போரின் நடுவே, லிங்கன் மொரில் சட்டத்திற் கையொப்பமிட்டார். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. அதன் வருவாயைக் கொண்டு விவசாயமும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த உயர்கல்வி, உழவர், தொழிலாளர் பிள்ளைகளையும் எட்டலாயிற்று. ஆனால் அந்த நிலமோ பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஒரு சாராரின் விடிவு இன்னொரு சாராரின் இழப்பின்மேல் எழுந்ததை நாம் மறந்துவிடலாகாது.

வணிகக் கல்வி வேறு வாயிலால் நுழைந்தது. 1881 இல் ஜோசப் வார்ட்டன் என்ற ஆலை முதலாளி 100,000 டொலர் நன்கொடை அளிக்க, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் வணிகப் பள்ளி தொடங்கிற்று. 1908 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகமும் அவ்வழிச் சென்றது.

இரண்டும் வெவ்வேறு பாதைகள் என்று எண்ணுவோர், வார்ட்டன் பெரும் பங்கு கொண்டிருந்த பெத்லகேம் ஆலைக்குட் சற்று நுழைந்து பார்க்கவேண்டும். 1898 இல் அங்கு வந்த டெயிலர் கற்றுத் தேர்ந்த பொறியியலாளர். இரும்புப் பாளம் சுமக்கும் தொழிலாளி ஒருவன் நாளொன்றுக்கு ஏற்றிய 12.5 தொன்னை 47.5 தொன்னாக உயர்த்தியதாக அவர் 1911 இல் வெளியிட்ட தமது நூலிற் பெருமிதத்தோடு கூறினார். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி உயர்வோ 60 வீத அளவே! இக்கதையில் மிகைப்படுத்தல் உண்டென்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆனால் அதனை வெற்றிக் கதையாக எழுதிய மனப்பான்மையில் மிகை எதுவுமில்லை. அங்கே பொறியியலாளனின் கைக்கடிகாரம் முதலாளியின் கணக்கேட்டுக்காகவே ஓடிற்று.

இதற்கு மாறான நம்பிக்கையும் அந்நாட்டிலேயே பிறந்தது. பொறியியலாளன் உற்பத்தி பெருகவேண்டும் என்று விழைகிறான்; வணிகனோ விலை குறையாதிருக்க உற்பத்தியைத் தடுக்கிறான் என்று 1921 இல் தோர்ஸ்டைன் வெப்லன் எழுதினார். பொறியியலாளர் ஒன்றுபட்டு உற்பத்தியைத் தம் பொறுப்பில் ஏற்கலாம் என்றும் கருதினார். அந்த நாள் அண்மையில் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். சம்பளம் வாங்கும் பொறியியலாளன் தன்னைத் தொழிலாளியாக அல்லாது முதலாளியின் துணைவனாகவே எண்ணியிருக்கும் வரை, அந்த நாள் எப்படி வரும்?

மாணவனுக்கு எழுதிய மறுமொழியில் முதலில் நடைமுறையைக் கூறினேன். பொறியியலுக்கு வேண்டிய கணிதமும் பௌதிகமும் படிப்படியாக ஏறவேண்டியவை. தொடக்க ஈராண்டில் அவற்றைக் கற்காதவன் பின்னர் மாறினால், ஆண்டுகளும் கடனும் கூடும். பொறியியலிலிருந்து வணிகத்துக்குச் செல்வது அத்துணைக் கடினமன்று. ஆதலால், ஆக்கும் வேலையில் மனம் உண்மையாகவே பற்றுமானால், பொறியியலையே முதலில் எடு என்றேன்.

அதன்பின் இதனையும் எழுதினேன்: "தம்பி, பொறியியல் கற்றுத் தொழிலாளியின் முதுகை ஒடித்தவர்களும் உண்டு. கணக்கியல் கற்றுத் தொழிற்சங்கத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உழைப்பவர்களும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் எந்தத் துறை என்றுதான் கேட்பார்கள். யாருக்காகக் கற்கிறாய் என்று அங்கே எவரும் கேட்கமாட்டார்கள். அதனை நீயே உன்னிடம் கேட்டுக்கொள்."