1895: தண்ணி கீழ வந்துச்சு, கோல்ஃப் மேல போச்சு

எங்க பக்கம் 1895-ன்னு சொன்னா சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். முல்லைப் பெரியாறு அணை திறந்த வருஷம். அந்த வருஷம் அக்டோபர்ல மெட்ராஸ் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்து வெச்சார். கேரளா பக்கம் கடலுக்குப் போய்க்கிட்டிருந்த தண்ணி மலையைக் குடைஞ்சு கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்துச்சு. தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கே பென்னிகுக் பேருதான். 2013-ல லோயர் கேம்ப்ல மணிமண்டபமும் கட்டியாச்சு. பென்னிகுக் படம் மாட்டாத டீக்கடை எங்க ஊர்ப்பக்கம் கொஞ்சம் கம்மி.

இந்தப் பதிவு அணையைப் பத்தி இல்லை மக்களே. அதே 1895-ல, அதே மதுரை ஜில்லாவுல (தேனி, திண்டுக்கல் எல்லாம் அப்போ ஏது) இன்னொண்ணும் நடந்துச்சு. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் ஆரம்பிச்சாங்க. அல்லிநகரத்துல மொட்டை மாடியில நின்னு வடக்கே பார்த்தா பெரியகுளத்துக்குப் பின்னாடி சுவர் மாதிரி நிக்குதே ஒரு மலை, அதுக்கு மேல. அந்த 1895-ஐப் பத்தி எங்க ஊர்ல யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆபீஸ்ல ஆணி புடுங்கினது போதும்னு டீமோட கொடைக்கானல் போனப்பதான் அந்த வருஷம் கண்ணுல பட்டுச்சு. கூட வந்த வடக்கத்திப் பசங்க புல்லை போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு மட்டும் ஒரே கேள்வி: இதெல்லாம் மேல எப்படிப் போச்சு?

மொதல்ல கோல்ஃப் கதையைக் கொஞ்சமா பார்த்துரலாம். ஸ்காட்லாந்து ஆட்டம். வில்வித்தை பழகாம பசங்க இதுலயே கிடக்கிறாங்கன்னு 1457-லயே அங்க தடை போட்டாங்க. (நம்ம ஆபீஸ்ல யூட்யூபைத் தடை பண்ணின மாதிரிதான், ஒண்ணும் நடக்கலை.) இந்தியாவுல 1829-ல கல்கத்தாவுல கிளப் வந்துருச்சு. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியில அதுதான் ரொம்பப் பழசுன்னு சொல்றாங்க. பெங்களூர்ல 1876. ஊட்டியில 1896. ஊட்டியில ஆடுற இடத்துக்குப் பேரு வென்லாக் டவுன்ஸ். நம்ம அணையைத் திறந்து வெச்ச அதே வென்லாக்தான். மனுஷன் பேரு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிச்சு.

கொடைக்கானல் உருவான விதம் கொஞ்சம் வித்தியாசமானது. 1821-ல வார்டுன்னு ஒரு லெப்டினென்ட் சர்வே பண்ண ஏறினார். அப்புறம் 1845-ல மதுரை அமெரிக்க மிஷனரிங்க ரெண்டு பங்களா கட்டினாங்க. காரணம் குளுகுளு கிளைமேட் மட்டும் இல்லீங்க, உயிர் பயம். கீழ சமவெளியில காலராவும் காய்ச்சலும் அவங்க குடும்பங்களைக் கொண்டு போய்க்கிட்டிருந்துச்சு. சிறுமலையில முதல்ல இடம் பார்த்தாங்க, அங்கயும் காய்ச்சல் விடலை. அப்புறம்தான் பழனி மலை. பின்னாடி மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863-ல ஓடையை மறிச்சு ஏரியைக் கட்டினார். 1890-ல போட் கிளப், 1895-ல கோல்ஃப், 1899-ல முனிசிபாலிட்டி. இந்த வரிசையைக் கவனிங்க. படகும் பந்தும் வந்த பிறகுதான் நகராட்சி! உயிர் பிழைக்க ஏறின இடம் ஐம்பது வருஷத்துல லீவுக்குப் போற இடமாயிருச்சு.

இப்ப மறுபடியும் என் கேள்வி. எப்படிப் போனாங்க?

திருச்சியில இருந்து மதுரைக்கு ரயில் பாதை வந்தது 1875-ல. அம்மையநாயக்கனூர்ல இறங்கணும் (இப்ப நாம கொடை ரோடுன்னு சொல்ற ஸ்டேஷன்). அங்க இருந்து ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில குலுங்கிக்கிட்டு சுமார் 50 கிலோமீட்டர். பெரியகுளம் பக்கத்துல மலையடிவாரத்துல கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. வண்டி அதோட சரி. அதுக்கு மேல குதிரைப் பாதைதான், செண்பகனூர் பக்கமா ஏறும். கிட்டத்தட்ட 6000 அடி ஏத்தம். குதிரையில போக முடிஞ்சவங்க குதிரையில போனாங்க. மத்தவங்களை டோலியிலயும் நாற்காலியிலயும் வெச்சு ஆளுங்க மாறி மாறித் தோள்ல சுமந்தாங்க. இந்தப் பாதைக்குப் பேரே கூலி காட். வத்தலக்குண்டு பக்கத்துல இருந்து இப்ப நாம பஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டுப் போறோமே லாஸ் காட் ரோடு, அது மோட்டார் போற அளவுக்கு முழுசா வந்தது 1910-கள்ல.

அதாவது, கோல்ஃப் கிளப் ஆரம்பிச்சு சுமார் இருபது வருஷம் வரைக்கும் மேல மோட்டார் ரோடு கிடையாது. சாப்பாட்டு சாமான், கட்டில், பெட்டி எல்லாமே மாட்டு முதுகுல, இல்லைன்னா மனுஷன் தலையில. கோல்ஃப் மட்டையும் அப்படித்தான் போயிருக்கும்.

எங்க அப்பத்தா ஒரு விஷயம் சொல்லும். "எங்க தாத்தா தோப்புல இருந்து மேல சொமை தூக்கப் போவாருடா. சும்மாடு கட்டின எடத்துல மண்டையில முடியே மொளைக்கல." எதைத் தூக்கினார்னு கேட்டா, "தொரைமாரு சாமான்தான், வேற என்ன"ன்னு முடிச்சுரும். அவரு தலையில போன மூட்டைக்குள்ள ஒரு மட்டையாவது இருந்திருக்காதான்னு நானா கற்பனை பண்ணிக்கிறதுதான். ஆனா அந்த வழுக்கை கற்பனை இல்லை.

அந்த மட்டைங்களும் சும்மா இல்லை. ஹிக்கரி மரத்துல பிடி. பந்து கட்டாபெர்ச்சா, மலேயா பக்கத்து மரப்பால். கடலுக்கடியில தந்திக் கம்பி போட்டாங்களே, அதுக்கு மேலுறை போட்டதும் இதே பால்தான். ரப்பர் நூல் சுத்தின பந்தை 1898-லதான் அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. ஆக அமெரிக்கக் காட்டு மரம், மலேயாப் பால், ஸ்காட்லாந்து ஆட்டம், பெரியகுளத்துத் தலை. உலகமயமாக்கல்னு நாம 1991-க்கு அப்புறம் சொல்லிக்கிட்டிருக்கோம் :-)

மேல போனதும் சுமக்குற வேலை முடியலை. ஆடுறவர் மட்டையை அவரே தூக்க மாட்டார், அதுக்கு ஒரு பையன் வேணும். இங்கிலீஷ்ல அவனுக்குப் பேரு கேடி. (நம்ம போலீஸ் ஸ்டேஷன் போர்டுல இருக்கிற கேடி இல்லீங்க!) மஞ்சு இறங்கினா பத்தடி தள்ளி ஆளு தெரியாத ஊர்ல, அடிச்ச பந்து எங்க விழுந்துச்சுன்னு பார்க்க முன்னாடியே ஒருத்தனை நிறுத்தணும். அவன் தலைக்கு நேரா பந்து வந்தா "ஃபோர்!"னு கத்துவாங்க. கத்தினதும் குனிஞ்சுக்கணும். ஆட்டத்தை மத்தவங்களை விட உன்னிப்பா பார்த்தவன் அவன்தான். எந்தக் காத்துக்கு எந்த மட்டைன்னு அவனுக்குத்தான் தெரியும். ஆனா அவன் ஆட முடியாது.

அப்போ கிளப்புங்க அப்படி. மெட்ராஸ் கிளப்ல இந்தியர்களைச் சேர்க்க மாட்டாங்கன்னுதான் 1873-ல காஸ்மோபாலிட்டன் கிளப்பே வந்துச்சு. நந்தனத்துல அண்ணா சாலை ஓரம் பஸ்ல போறப்போ சுவருக்கு அந்தப் பக்கம் பச்சையா தெரியுமே, அது அவங்க கோல்ஃப் மைதானம்தான். அதுக்குள்ள போகவும் மெம்பரா இருக்கணும், அது வேற கதை.

தென்னாப்பிரிக்காவுல இதை விட மோசம். டர்பன்ல பாப்வா சேவ்கோலம்னு ஒருத்தர், இந்திய வம்சாவளி, கேடியா இருந்து ஆட்டம் பழகினவர். மட்டையை எல்லாரும் பிடிக்கிறதுக்குத் தலைகீழா பிடிப்பார், கை மாத்தி. 1959-ல ஹாலந்து போய் டச்சு ஓபனை ஜெயிச்சார். 1963-ல சொந்த ஊர்ல நேட்டால் ஓபனை ஜெயிச்சப்போ வெள்ளைக்காரங்க கிளப் கட்டடத்துக்குள்ள உக்கார்ந்திருந்தாங்க. இவர் உள்ள வரக்கூடாதுன்னு வெளியில கொட்டுற மழையில கோப்பையைக் கொடுத்தாங்க.

நம்ம நாட்டுல கதவு மெதுவா திறந்துச்சு. இந்தியன் ஓபனை ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், 1991-ல. டெல்லியில கேடியா இருந்தவர். 2009-ல ஜெயிச்ச முனியப்பா பெங்களூர்ல கேடியா இருந்தவர். 2016, 2017 ரெண்டு வருஷமும் ஜெயிச்ச சௌராசியா, கல்கத்தாவுல மைதானத்துப் புல்லைப் பராமரிச்சவரோட மகன். மட்டை தூக்கின கைங்களும் புல்லு வெட்டின வீடும்தான் இந்தியத் தொழில்முறை கோல்ஃபைத் தூக்கி நிறுத்தியிருக்கு. கிரிக்கெட்ல இப்படி ஒரு வரிசையைக் காட்ட முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க.

கொடைக்கானல் மைதானத்துல இப்ப 18 குழி. பில்லர் ராக்ஸ் போற வழியில இருக்கு. பழனி மலை முன்னாடி சோலைக்காடும் புல்வெளியுமா இருந்த இடம். 1900-க்கு அப்புறம் பைன், யூகலிப்டஸ், வாட்டில்னு நட்டு நட்டு புல்வெளியில பெரும்பகுதி போயிருச்சு. ஆடுறதுக்காக வேலி போட்ட இடத்துல மரம் நடாம விட்டாங்க. அதனால இன்னைக்குக் காட்டுமாடுங்க கூட்டமா வந்து அங்க மேயுது. வெள்ளைக்காரன் ஆட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கலை, ஆனா இதையும் சொல்லித்தானே ஆகணும்.

என் குறை வேற. அணைக்கு ஒரு பேராவது இருக்கு, பென்னிகுக்னு. அதுலயும் காய்ச்சல்லயும் வெள்ளத்துலயும் செத்த கூலிக்காரங்க பேரு பெருசா யாருக்கும் தெரியாது. மலைக்கு மேல ஏரின்னா லெவிஞ்ச், நடைபாதைன்னா கோக்கர், பூங்கான்னா பிரையன்ட், ரோடுன்னா லா. தோப்புல இருந்து ஏறின ஆயிரக்கணக்கான தலைங்கள்ல ஒரு பேரு கூட அந்த ஊர்ல எந்த மூலையிலயும் நான் பார்க்கலை. எங்க அப்பத்தாவோட தாத்தா பேரு எங்க வீட்டுக்குத் தெரியும். உங்கள்ல பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு பக்கத்து ஆளுங்க இருந்தா, வீட்டுல பெரியவங்க கிட்ட ஒரு தடவை "நம்ம ஆளுங்க யாராச்சும் மலைக்குச் சொமை தூக்கினாங்களா"ன்னு கேட்டுப் பாருங்க. அவங்க இருக்கிறப்பவே கேளுங்க.