பிரித்தானியாவில் முதல் மாதம்: வன்னியிலிருந்து செல்லும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

வன்னியிலிருந்து ஒரு பிள்ளை பிரித்தானியாவுக்குப் படிக்கப் போகிறது என்றால், பல வீடுகளில் காணி உறுதி ஈட்டுக்கும் நகை அடகுக்கும் போயிருக்கும். 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, மீள்குடியேறிய பின் சிறுகச் சிறுகச் சேர்த்த சொத்து அது. அதனால் பிள்ளை போய் இறங்கி ஒரு கிழமை ஆவதற்குள், "வேலை கிடைச்சிட்டுதோ?" என்று வீட்டில் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் அவசரத்தில் எடுக்கும் முடிவுகள் சில வேளைகளில் வீசாவையே பறித்துவிடுகின்றன.

முதலில் கணக்கு

மாணவர் வீசாவுக்கு விண்ணப்பிப்பவர், கல்விக் கட்டணத்துக்கு மேலதிகமாக வாழ்க்கைச் செலவுக்கான பணத்தையும் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் இது லண்டனில் மாதம் 1,529 பவுண்ட்ஸ், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்ட்ஸ். ஒன்பது மாதங்கள் வரைக்குமான தொகை 28 நாட்கள் தொடர்ச்சியாக வங்கியில் இருக்க வேண்டும்.

பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேற்பட்ட படிப்பைப் படிப்பவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்கள்தான் வேலை செய்யலாம். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் 2026 ஏப்ரல் முதல் மணித்தியாலத்துக்கு 12.71 பவுண்ட்ஸ். முழு 20 மணித்தியாலமும் வேலை கிடைத்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ 1,100 பவுண்ட்ஸ்தான் வரும். அரசாங்கமே கணக்கிட்ட வாழ்க்கைச் செலவுக்கு இது லண்டனிலும் போதாது, வெளியிலும் போதாது. படிக்கும் காலத்தில் பகுதிநேர வேலையால் ஊர்க் கடனை அடைக்கலாம் என்று முகவர் சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள்.

வங்கியில் காட்டுவதற்கு மட்டும் பணத்தை வட்டிக்கு வாங்கி, வீசா கிடைத்ததும் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்படிப் போகிறவர் முதல் மாத வாடகைக்கே காசில்லாமல்தான் இறங்குகிறார்.

பதிவுகள்

2025 ஜூலை 15 முதல் பெரும்பாலான மாணவர்களின் கடவுச்சீட்டில் வீசா ஒட்டப்படுவதில்லை, இணையவழி 'ஈ-வீசா'தான். புறப்பட முன்னரே அதற்கான கணக்கைத் திறந்து, கடவுச்சீட்டை இணைத்து, பெயரும் திகதியும் சரியா என்று பாருங்கள். வேலை தருபவரும் இங்கிலாந்தில் வீடு தருபவரும் கேட்கும் 'ஷெயார் கோட்' எண்ணை அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

போய் இறங்கியதும் பல்கலைக்கழகப் பதிவை முடியுங்கள். வங்கிக் கணக்குக்கு முகவரி அத்தாட்சி தேவைப்பட்டால் பல்கலைக்கழகத்திடம் கடிதம் கேட்கலாம். தேசிய காப்புறுதி எண்ணுக்கு இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். அது வரும் வரை வேலை தொடங்கக் கூடாது என்றில்லை.

வீசாவோடு வருடத்துக்கு 776 பவுண்ட்ஸ் சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். ஆகவே அருகிலுள்ள 'ஜீ.பி.' மருத்துவரிடம் உடனே பதியுங்கள். பதிவதற்குக் கட்டணம் இல்லை.

அறை

ஈஸ்ட் ஹாம், ஹரோ, டூட்டிங் போன்ற இடங்களில் தமிழர் வீடுகளில் அறை கிடைப்பது ஆறுதல்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் முற்பணம் வாங்க முடியாது. வாங்கிய பணத்தை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் வைக்கவும் வேண்டும். வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

வேலையில் மீறக் கூடாதவை

20 மணித்தியாலம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை, எல்லா வேலைகளையும் சேர்த்து. ஒரு வாரம் குறைத்து மறுவாரம் கூட்ட முடியாது. பட்டப்படிப்புக்குக் கீழான படிப்பென்றால் 10 மணித்தியாலம்தான். முதுமாணி மாணவர்களுக்குக் கோடைகாலம் பெரும்பாலும் விடுமுறை அல்ல. ஆய்வுக்கட்டுரை எழுதும் காலமும் தவணையாகவே கொள்ளப்படும்.

சுயதொழில் செய்ய அனுமதியில்லை. ஆகவே செயலிகள் வழியாகச் சுயதொழில் முறையில் உணவு விநியோகம் செய்வதும், அதற்காக இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுப்பதும் வீசா மீறலே. கையில் காசாகத் தரும் கடை முதலாளி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்தாலும், மணித்தியாலங்களை மீறிய மாணவர் முறையிடப் பயப்படுவார். சுரண்டலுக்கு அந்தப் பயமே வசதி.

வகுப்புக்குப் போகாமல் விட்டால் பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும், வீசா இரத்தாகலாம். கட்டணம் கட்ட முடியாத நிலை வந்தால் மறைக்காமல், சர்வதேச மாணவர் பிரிவிடம் தவணைமுறை பற்றியோ இடர்கால உதவி நிதி பற்றியோ கேளுங்கள்.

புறப்பட முன் வீட்டில்

படிப்பு முடிந்தபின் வேலை செய்ய அனுமதிக்கும் 'கிராஜுவேட்' வீசா இதுவரை இரண்டு வருடங்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு, கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் தவிர, 18 மாதங்கள்தான். கடன் அடைக்கும் காலம் சுருங்குகிறது.

எனவே விமானச் சீட்டு எடுக்க முன்னரே வீட்டில் இருந்து பேசுங்கள். மொத்தக் கடன் எவ்வளவு, படிப்புக் காலத்தில் வட்டியை யார் கட்டுவது, எத்தனை மாதம் பிள்ளையிடம் காசு எதிர்பார்ப்பதில்லை என்பதை முடிவெடுங்கள். பதில் இல்லாவிட்டால் ஒரு வருடம் பொறுத்துப் போவதில் நட்டம் குறைவு.